திரையில் வளைவு, கையில் ரீப்பர்

வீட்டுக் கொட்டகையில் பனிச்சறுக்கு ஸ்கீ கட்டை செய்கிறவர்கள் அதை முதலில் கணினியில் எப்படி வரைந்து பார்க்கிறார்கள் என்று போன இதழில் எழுதியிருந்தேன். கடலூர், சிதம்பரம் பக்கமிருந்து கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் ஸ்கீயைத் தாண்டி துடுப்புப் பலகை, கட்டுமரம், ஃபைபர் படகு என்று போகின்றன. அதில் தவறே இல்லை. பனியில் சறுக்குவதும் தண்ணீரில் சறுக்குவதும் ஒரே குடும்பத்துப் பலகைகள்தான்.

கே: பனியைப் படத்தில் மட்டுமே பார்த்தவர்கள் நாங்கள். ஸ்கீயை வரையக் கற்று என்ன செய்வது சார்?
(பொறியியல் மாணவர், அண்ணாமலை நகர்)

ப: வளைவை வரையக் கற்றுக்கொள்வீர்கள், தம்பி. முதல் வருஷத்தில் மினி டிராஃப்டரை வைத்து வரைந்ததில் பெரும்பாலும் நேர்கோடும் வட்டமும்தான். ஸ்கீயில் நேர்கோடே கிடையாது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கி, இரண்டு முனையும் அகன்றிருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் முன்முனை மேலே வளைந்திருக்கும். நடுப்பகுதி தரையைத் தொடாமல் சில மில்லிமீட்டர் எழும்பி நிற்கும். ஆள் ஏறி நின்றதும் லாரியின் ஸ்பிரிங் பட்டை போல அது அமுங்கி, பாரத்தை முழு நீளத்துக்கும் பிரித்துக் கொடுக்கும். நீளவாக்கில் வெட்டிப் பார்த்தால் நடுவில் தடிமன், முனைகளில் அட்டை போல மெலிவு. இந்த மூன்றையும் ஒரே பொருளில் பொருத்தத் தெரிந்துவிட்டால் பரங்கிப்பேட்டைக் கரையில் கிடக்கும் கட்டுமரத்தையும் நீங்கள் வரைந்துவிடலாம். கட்டுமரத்தின் முன்முனையான அணியமும் மேல்நோக்கித்தானே வளைகிறது? அது அலையில் ஏறுவதற்கு, இது பனியில் ஏறுவதற்கு.

கே: எந்த மென்பொருள்? காசு கொடுத்து வாங்க வசதியில்லை.
(சிதம்பரம்)

ப: வாங்க வேண்டாம். தட்டையான வரைபடம் மட்டும் போதுமென்றால் லிபரேகேட். முப்பரிமாணமும் கன அளவும் வேண்டுமென்றால் ஃப்ரீகேட், அதன் 1.0 பதிப்பு 2024 நவம்பரில் வந்தது. இரண்டும் இலவசம், இரண்டும் சாதாரண லேப்டாப்பில் ஓடும். ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் படித்து ஆட்டோகேட் கை வந்தவர்கள் அதிலேயே வரையட்டும். கை பழகிய கருவியை மாற்றுவதில் போகிற நேரத்தில் ஒரு பலகையை இழைத்து முடித்துவிடலாம்.

கே: ஸ்கீயின் இடுப்பு ஏன் ஒடுங்கியிருக்கிறது? எவ்வளவு ஒடுக்குவது என்பதைக் கணக்குப் போட முடியுமா?
(கணித ஆசிரியை, கடலூர்)

ப: முடியும் அம்மா, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே போடலாம். ஸ்கீயைச் சாய்த்து அழுத்தினால் அதன் ஓரம் பனியில் ஒரு வட்டத்தின் வில்லாகப் பதியும். ஆள் அந்த வட்டத்தில் திரும்புவார். இடுப்பு எவ்வளவு ஒடுங்குகிறதோ அவ்வளவு சின்ன வட்டம்.

முன் அகலத்தையும் பின் அகலத்தையும் கூட்டுங்கள், அதிலிருந்து இடுப்பு அகலத்தின் இரு மடங்கைக் கழியுங்கள். மிஞ்சியதை இரண்டால் பெருக்கி, ஓரத்தின் நீளத்தின் வர்க்கத்தை அதனால் வகுத்தால் வட்டத்தின் ஆரம் கிடைக்கும். முன்னால் 120 மி.மீ., இடுப்பு 80, பின்னால் 110, ஓரம் 1.6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 120-ம் 110-ம் 230. அதில் 160 போனால் 70 மி.மீ., அதாவது 0.07 மீட்டர். அதன் இரு மடங்கு 0.14. 1.6-ன் வர்க்கம் 2.56. வகுத்தால் ஆரம் சுமார் 18.3 மீட்டர். இடுப்பை 5 மி.மீ. மட்டும் குறைத்து 75 ஆக்குங்கள், ஆரம் 16 மீட்டராகிவிடும். இரண்டு நூல் கூட இல்லாத மாற்றத்துக்கு இரண்டு மீட்டருக்கு மேல் வித்தியாசம். வில், நாண், ஆரம் நடத்தும்போது கரும்பலகையில் இதைப் போட்டுக் காட்டுங்கள்.

கே: எங்கள் பக்கம் படகு கட்டும் மேஸ்திரி காகிதத்தையே தொட மாட்டார். கண்ணால் பார்த்தே பலகையை வளைப்பார். கணினி அவரைவிடச் சரியாக வளைக்குமா?
(கடலூர் முதுநகர்)

ப: கணினி அந்த வித்தையை மேஸ்திரிகளிடம்தான் கற்றது. எந்த வரைவு மென்பொருளிலும் 'ஸ்ப்ளைன்' என்று ஒரு கருவி இருக்கும். சில புள்ளிகளை வைத்தால் அவற்றையொட்டி வழுக்கிக்கொண்டு ஒரு வளைவு ஓடும். அந்தப் பெயர் மெல்லிய மரப்பட்டிக்கு உரியது. ஐரோப்பியக் கப்பல் கட்டும் கூடங்களில் பட்டியை வளைத்து, அது நகராமல் ஈயக் குண்டுகளை வைத்து, அதன் ஓரத்தையொட்டிக் கோடு இழுப்பார்கள். உங்கள் மேஸ்திரி ஆணிகளுக்கு நடுவே ரீப்பரை வளைத்து மார்க் செய்கிறாரே, அதே வேலை. நல்ல ரீப்பர் தனக்கு எது சுலபமோ அந்த வளைவைத்தான் எடுக்கும். அதனால்தான் கண்ணுக்கும் தண்ணீருக்கும் அது உறுத்தாது. 1959-ல் சிட்ரோயன் கார் கம்பெனியில் பால் த காஸ்தெல்ழோவும், 1960-களில் ரெனோ கம்பெனியில் பியர் பெசியேவும் இந்த மாதிரி வளைவுகளைச் சமன்பாட்டால் வரையும் வழியைக் கண்டார்கள். இன்று நாம் திரையில் இழுக்கும் வளைவுகளுக்கு அடியில் இருப்பது அந்தக் கணக்கு.

நம் பக்கத்தில் எழுத்தே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். கப்பல் கட்டும் முறையைச் செய்யுளில் சொல்லும் 'கப்பல் சாத்திரம்' என்ற பழைய தமிழ்ச் சுவடியைச் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் 1950-ல் அச்சிட்டது.

கணினியால் ஆவது வேறு. இடப்பக்கம் வரைந்ததை வலப்பக்கம் மயிரிழை பிசகாமல் திருப்பிப் போடும். அகலத்தை 2 செ.மீ. கூட்டினால் உள்ளே இருக்கும் விலாக்கட்டைகள் எல்லாவற்றையும் திருத்தித் தரும். எத்தனை கிலோ தாங்கும் என்று மரத்தை வெட்டும் முன்பே சொல்லும். எந்தப் பலகை வளையும், எது முறியும் என்று அதற்குத் தெரியாது. ரேகை ஓடும் திசையைத் தடவிப் பார்த்துச் சொல்ல மேஸ்திரிதான் வர வேண்டும். அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான்: வரைந்ததை முழு அளவில் அச்செடுத்துத் தரையில் விரியுங்கள். கோட்டின் மேல் ஆணி அடித்து ஒரு ரீப்பரை வளையுங்கள். ரீப்பர் எங்கே அடம் பிடிக்கிறதோ அங்கே உங்கள் வரைபடம் தப்பு.

கே: என் கோடு மட்டும் பாம்பு மாதிரி நெளிகிறது. இருபத்தைந்து புள்ளி வைத்திருக்கிறேன்.
(சிதம்பரம்)

ப: இருபதை அழித்துவிடுங்கள். ஐந்து புள்ளியில் வராத வளைவு இருபத்தைந்தில் வராது. ஃப்ரீகேட்டில் வளைவின் மேல் சீப்புப் பல் மாதிரி கோடுகளைக் காட்டும் வசதி இருக்கிறது. பற்கள் ஒரே சீராக ஏறி ஒரே சீராக இறங்க வேண்டும். எங்கே குட்டை நெட்டையாகக் குதிக்கின்றனவோ அங்கே இழைப்புளியும் குதிக்கும்.

கே: அப்பா அங்குலம், நூல் என்று அளவு சொல்கிறார். கணினி மில்லிமீட்டர் கேட்கிறது. நான் நடுவில் மாட்டிக்கொண்டேன்.
(தச்சர் வீட்டுப் பிள்ளை, புவனகிரி)

ப: அப்பாவின் அளவு துல்லியமானது. ஒரு அங்குலத்துக்கு 8 நூல். ஒரு நூல் 3.175 மி.மீ. அவர் "அஞ்சு அங்குலம் மூணு நூல்" என்றால் 136.5 மி.மீ. என்று பதியுங்கள். முக்கால் அங்குலப் பலகை என்றால் 6 நூல், 19 மி.மீ. அவர் வாயில் வந்த அளவை அப்படியே ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் மில்லிமீட்டரை எழுதுங்கள். மனக்கணக்காகப் போட்டுப் பதிய வேண்டாம். இன்னொரு விஷயம்: கோப்பை வேறொருவருக்கு அனுப்பும்போது "எல்லாம் மி.மீ." என்று வரைபடத்துக்குள்ளேயே எழுதுங்கள். அங்குலம் என்று நினைத்து அவர் திறந்தால் உங்கள் பலகை 25.4 மடங்கு பெருத்துவிடும்.

கே: பத்தடிப் பலகையை முழு அளவில் எங்கே அச்செடுப்பது? ஏ4 தாளை ஒட்டி ஒட்டிக் கை ஓய்ந்துவிட்டது.
(தேவனாம்பட்டினம்)

ப: ஃபிளெக்ஸ் பேனர் கடைக்குப் போங்கள். கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் அச்சடிக்கும் அதே இயந்திரம் உங்கள் பத்தடி வளைவையும் ஒரே துண்டாகத் தரும். நனையாது, சுருட்டி வைக்கலாம், மரத்தின் மேல் விரித்து ஓரமாக வெட்டி மார்க் செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை. வரைபடத்தில் நீளவாக்கில் ஒன்று, அகலவாக்கில் ஒன்று என்று 1,000 மி.மீ. கோடுகள் இரண்டு போட்டு வையுங்கள். வந்ததும் ஸ்டீல் டேப்பால் அளந்து பாருங்கள். நான் முதல்முறை அதைச் செய்யவில்லை. 3,000 மி.மீ. இருக்க வேண்டிய நடுக்கோடு 2,955 தான் வந்திருந்தது. ஒன்றரை சதவீதக் குறைவு. பலகையின் வெளிக்கோடு அழகாகவே இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. உள்ளே வைக்கும் விலாக்கட்டைகளைத் தனியாகச் சரியான அளவில் வெட்டியிருந்தேன். பொருத்தும்போது முதல் மூன்று காடியில் உட்கார்ந்தது, நான்காவதில் முட்டியது, ஆறாவதில் காடியே அரை அங்குலம் தள்ளி நின்றது. இரண்டு நாள் வேலையும் ஒரு முழு பிளைவுட்டும் போயின. அச்சடிக்கும் இடத்தில் "பக்கத்துக்குப் பொருத்து" என்ற டிக்கை எடுக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள்.

கே: பூஜை அறைக் கதவு செதுக்கும் சி.என்.சி. கடையில் இதை வெட்டித் தருவார்களா?
(சிதம்பரம்)

ப: தருவார்கள். கதவில் மயில் வெட்டும் இயந்திரத்துக்கு விலாக்கட்டை பெரிய விஷயமில்லை. டி.எக்ஸ்.எஃப். கோப்பாகக் கொடுங்கள். மேசை பெரும்பாலும் எட்டுக்கு நாலு அடி; பத்தடிப் பலகையை இரண்டாகப் பிரித்து, இணைப்பையும் வரைந்து கொடுங்கள். பிளைவுட்டில் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் மரைன் பிளை. 303 என்றால் அது வீட்டு அலமாரிக்கு.

உள்ளே விலாவும் மேலே தோலுமாகக் கூடு போலச் செய்யும் இந்த முறை புதிதல்ல. அமெரிக்கர் டாம் பிளேக் அலைச்சறுக்குப் பலகையை இப்படி உள்ளீடற்றதாகச் செய்து 1932-ல் காப்புரிமை வாங்கினார்.

கே: தெர்மாகோலைப் பலகை வடிவில் அறுத்து, படகுக்குப் போடும் ரெசினை ஊற்றினேன். கண்ணெதிரே கரைந்து குழியாகிவிட்டது. எங்கே தப்பு?
(சாமியார்பேட்டை)

ப: தப்பு ரெசினில். ஃபைபர் படகுக்குப் பயன்படுவது பாலியஸ்டர் ரெசின். அதில் ஸ்டைரீன் இருக்கிறது; தெர்மாகோலும் ஸ்டைரீனின் வழி வந்த பொருள்தான். இரண்டும் சந்தித்தால் தெர்மாகோல் கரையும், தடுக்க முடியாது. தெர்மாகோலுக்கு எபாக்ஸி ரெசின்தான். விலை அதிகம், ஆனால் ஒரு பலகைக்கு வேண்டியது சில கிலோதான். இதையும் கணினியே சொல்லும்: பலகையின் மேற்பரப்பு எத்தனை சதுர மீட்டர் என்று பார்த்து, அதற்கேற்ற ஃபைபர் துணியையும் ரெசினையும் வாங்கினால் மிச்சம் விழாது.

கேட்காததையும் சொல்லியாக வேண்டும். பாலியஸ்டர் வேலை செய்கிறவர்கள் ஹார்டனரையும் கோபால்ட்டையும் ஒருபோதும் நேராக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் முழுதாகக் கலந்த பிறகுதான் ஹார்டனர். இரண்டு பாட்டிலையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள், கண்ணாடி போடாமல் திறக்காதீர்கள். சித்திரை, வைகாசி வெயிலில் மக்கில் ரெசின் மடமடவென்று இறுகிவிடும்; விடியற்காலையில் வேலையைத் தொடங்குங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள்.

கே: என் எடை 72 கிலோ. பலகை என்னைத் தாங்குமா என்று எப்படித் தெரியும்?
(கடலூர்)

ப: ஃப்ரீகேட்டில் பலகையின் கன அளவைக் கேளுங்கள். கன மில்லிமீட்டரில் காட்டினால் பத்து லட்சத்தால் வகுங்கள், லிட்டர் வந்துவிடும். பலகையின் எடை 12 கிலோ என்றால் உங்களோடு சேர்த்து 84. கடல் தண்ணீர் லிட்டருக்கு 1.025 கிலோ தாங்கும். ஆகவே 82 லிட்டரில் நீங்கள் மிதந்துவிடுவீர்கள், ஆனால் பலகை முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும், அதன் மேல் நிற்க முடியாது. புதிதாகக் கற்கிறவர் தன் எடையின் இரு மடங்கு லிட்டர் வைத்துக்கொள்வது நல்ல வழக்கம். உங்களுக்கு 140-லிருந்து 145. வீராணம் மாதிரி நன்னீர் ஏரி என்றால் கொஞ்சம் கூட்டுங்கள்.

கே: படகு வரையும் மென்பொருளில் 'கேட்டமரான்' என்று தேர்ந்தெடுத்தால் நடுவில் இடைவெளி விட்ட இரட்டைப் படகு வருகிறது. நம்முடையது அப்படி இல்லையே?
(அன்னங்கோயில்)

ப: இல்லை. கட்டைகளை இடைவெளி இல்லாமல் சேர்த்துக் கயிற்றால் கட்டுவது நம்முடையது. ஆங்கிலேயர் வில்லியம் டாம்பியர் தன் கடற்பயணங்களைப் பற்றி 1697-ல் அச்சிட்ட புத்தகத்தில் சோழமண்டலக் கரையின் 'கட்டுமரம்' என்ற சொல்லைப் பதிந்தார். சொல் கப்பலேறிப் போய், அங்கே வேறு படகுக்குப் பெயராகிவிட்டது. மென்பொருளில் நீங்கள் ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியாக வரைந்து சேர்க்க வேண்டும். நம் கடலோடிகள் கடலிலும் அதைத்தான் செய்தார்கள்; கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியாகக் காய வைத்தார்கள்.

கே: தம்பி ராணுவத்தில் இருக்கிறான், இப்போது குல்மார்க்கில். நானே ஒரு ஜோடி ஸ்கீ செய்து அனுப்ப ஆசை. நடக்கிற காரியமா?
(லேத் பட்டறை வைத்திருப்பவர், கடலூர்)

ப: நடக்கும். இந்தியாவில் ஸ்கீ பழகச் சரியான இடத்தில்தான் உங்கள் தம்பி இருக்கிறார். ராணுவம் அங்கே ஸ்கீ பள்ளியைத் தொடங்கியது 1948-ல்.

நடுமரம் மூங்கில் பட்டிகளை ஒட்டியதாகவோ, லேசான உறுதியான மரமாகவோ இருக்கட்டும். நடுவில் 11 மி.மீ., முனைகளில் 2 மி.மீ. மேலும் கீழும் ஃபைபர் துணி, எபாக்ஸி. அடியில் வழுக்கும் பாலிஎத்திலீன் தகடு, ஓரத்தில் ஸ்டீல் பட்டி. இந்த இரண்டையும் ஸ்கீக்கென்றே விற்கிறார்கள், வெளியிலிருந்து தருவியுங்கள். தடிமனில் மட்டும் கை நடுங்கக் கூடாது. விறைப்பு தடிமனின் கனத்துக்கு ஏற்ப ஏறும்: 10 மி.மீ.யை 11 ஆக்கினால் மரம் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விறைத்துவிடும். ஓட்டுகிறவரின் முழங்காலுக்கு அந்த வித்தியாசம் உடனே தெரியும்.

அழுத்தி ஒட்டப் பெரிய பிரஸ் வேண்டாம். வளைவு அச்சின் மேல் எல்லாவற்றையும் அடுக்கி, பிளாஸ்டிக் உறையால் காற்றுப்புகாமல் மூடி, பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரால் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சுங்கள். வெளிக்காற்றே ஒவ்வொரு ஸ்கீயின் மேலும் ஒரு டன்னுக்கு மேல் ஏறி உட்காரும். விமானத் தொழிலில் இருந்த ஹோவர்ட் ஹெட் 1950-ல் அலுமினியமும் பிளைவுட்டும் அடுக்கி ஸ்கீ செய்தார். பட்டறைக்காரர்தான் இந்தப் பொருளை மாற்றினார் என்பது உங்களுக்குத் தெம்பு தரட்டும்.

பூட்ஸைப் பிடிக்கும் கவ்வியை மட்டும் லேத்தில் கடையாதீர்கள். கால் முறுகும்போது அது தானாக விட்டுக்கொடுக்க வேண்டும். விடாவிட்டால் எலும்பு விட்டுக்கொடுக்கும். அதைக் கடையில் வாங்கி, தெரிந்தவரிடம் எடைக்கேற்ப முறுக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கே: தானே புயலில் சாய்ந்த பலா மரத்தின் பலகை வைத்திருக்கிறேன். இதில் செய்யலாமா?
(பண்ருட்டி)

ப: முழுப் பலகையும் வேண்டாம், கனம். 2011 டிசம்பர் 30-ல் விழுந்த மரம் என்றால் இத்தனை வருஷத்தில் நன்றாகக் காய்ந்திருக்கும். பின்பக்கம் தண்ணீருக்குள் இறங்கும் துடுப்புக்கும், தூக்குப் பிடிக்கும் அதில் செய்யுங்கள். அந்த மஞ்சள் நிறத்துக்கு வார்னிஷ் போதும், பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள்.

கே: பிச்சாவரம் சேற்றில் கால் புதையாமல் போக ஒரு பலகை வரைய முடியுமா?
(கிள்ளை)

ப: ஜப்பானில் இருக்கிறது. ஆரியாகே கடலின் சேற்றுப் பரப்பில் மீனவர்கள் நீளப் பலகை ஒன்றின் மேல் ஒரு முழங்காலை ஊன்றி, மறுகாலால் சேற்றை உந்திக்கொண்டு போவார்கள். ஸ்கீ போலவே முனை மேலே வளைந்திருக்கும். அவர்கள் துரத்துவது, பிச்சாவரத்துச் சேற்றிலும் தத்தித் திரிகிற வகை மீனைத்தான். கணக்கும் எளிது: எடையைப் பலகையின் அடிப்பரப்பால் வகுங்கள், கால் பாதத்தைவிடப் பல மடங்கு குறைவான அழுத்தம் வரும்.

ஆனால் பிச்சாவரம் காப்புக்காடு. அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்கள் மீது பலகையை இழுத்தால் வேர் முறியும், நண்டு வளை மூடும். வனத்துறையின் அனுமதியில்லாமல் உள்ளே கொண்டுபோக வேண்டாம். காட்டுக்கு வெளியே கழிமுக ஓரத்தில் உங்கள் வேலைக்கென்று செய்து பாருங்கள். எப்படி வந்தது என்று அவசியம் எழுதுங்கள், எனக்கும் தெரிய வேண்டும்.

கே: நம் கரையில் இதற்கு முன் யாராவது வரைபடம் போட்டுப் படகு செய்தார்களா?
(மீன்வளம் படிக்கும் மாணவி, பரங்கிப்பேட்டை)

ப: செய்தார்கள். ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979-லிருந்து சென்னையில் இயங்கியது. துறைமுகம் இல்லாத மணற்கரையில், அலையைத் தாண்டிப் போய் வரக்கூடிய படகுகளை வரைந்து, செய்து, மீனவர்களிடமே கொடுத்துச் சோதித்தார்கள். கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் பெல்ஜியத்துக்காரர் பியர் ஜில்லே பிளைவுட் படகுகளில் பல வருஷம் உழைத்தார். தட்டையான பிளைவுட்டை வரைந்த கோட்டில் வெட்டி, ஓரங்களைச் செம்புக் கம்பியால் தைத்து, தையலின் மேல் ஃபைபர் பட்டி ஒட்டும் முறை. கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் ஓடிய கரை இது. தையல் நம் ஆட்களுக்குப் புதிதாகவே தெரிந்திருக்காது.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு கதை மாறியது. சுனாமியில் தேவனாம்பட்டினம் முதல் கிள்ளை வரை கரை முழுக்கப் படகை இழந்தது. உதவியாக வந்தவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். ஒரு மோல்டு போட்டால் ஒரே மாதிரி நூறு எடுக்கலாம். அவசரத்துக்கு அதுதான் முடிந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன், பல குடும்பங்கள் திரும்பக் கடலுக்குப் போனது அதனால்தான். என் வருத்தம் வேறு. கட்டுமரம் ஊருக்கு ஊர் மாறும். ஒவ்வொரு ஊர் அலைக்கும் மணல் சரிவுக்கும் ஏற்ப நீளம், கட்டைகளின் எண்ணிக்கை, அணியத்தின் ஏற்றம் எல்லாம் வேறு. அந்த அளவுகள் கைப்பழக்கத்தில் இருந்தன, தாளில் இல்லை. செய்யத் தெரிந்தவர்களுக்கு வயதாகிறது. நீங்கள் மாணவி; ஊருக்கு ஒரு கட்டுமரத்தை அளந்து கணினியில் ஏற்றுங்கள். எப்படி என்று கடைசிக் கேள்விக்கான பதிலில் சொல்லியிருக்கிறேன்.

கே: கைபேசியில் வரையலாமா?
(ஒன்பதாம் வகுப்பு, சிதம்பரம்)

ப: படம் எடு, அளவைக் குறித்து வை, கணக்குப் போடு. வளைவை மட்டும் பெரிய திரையில் வரை, கண்ணு.

கே: செய்து முடித்துவிட்டேன். நேரே சில்வர் பீச்சுக்குப் போகலாமா?
(கடலூர்)

ப: வேண்டாம். முதலில் இடுப்பளவு நிற்கும் அசையாத தண்ணீர், லைஃப் ஜாக்கெட், கரையில் ஒரு ஆள். பலகையைக் கவிழ்த்து அரை மணி நேரம் விடுங்கள். குமிழி வருகிற இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டு, காய்ந்தபின் அடையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கடல் பக்கமே போகாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். மேஸ்திரிகள் எல்லோரும் ஒரே இடத்தில் கிடைக்கும் சமயம் அது. பலகையைத் தூக்கிக்கொண்டு போய் அவர்களிடம் காட்டுங்கள். கடலில் இறக்கலாமா என்று அவர்கள் சொல்லட்டும்.

கே: அப்பா கட்டிய கட்டுமரம் பத்து வருஷமாக மணலில் கிடக்கிறது. விறகுக்குக் கேட்கிறார்கள். அப்பாவுக்கு இப்போது கடலுக்குப் போக முடியவில்லை. கொடுத்துவிடலாமா?
(எம்.ஜி.ஆர். திட்டு)

ப: ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பொறுங்கள்.

மழையில்லாத நாளாகப் பாருங்கள், ஈரக்கட்டையில் சாக்பீஸ் பிடிக்காது. கட்டைகளைப் பழையபடி சேர்த்து வைத்து, அணியத்திலிருந்து பின்முனையான அமரம் வரை நடுவில் ஒரு நைலான் நூலை விறைப்பாகக் கட்டுங்கள். ரசமட்டம் வைத்து நூல் மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். அணியத்திலிருந்து ஒரு அடிக்கு ஒரு இடமாகச் சாக்பீஸால் குறியுங்கள். ஒவ்வொரு குறியிலும் நான்கு அளவு: நூலிலிருந்து இடது ஓரம், வலது ஓரம், நூலிலிருந்து கட்டையின் மேல்பரப்பு வரை இறக்கம், கட்டையின் தடிமன். பிறகு அவிழ்த்து ஒவ்வொரு கட்டையையும் தனியாக அளங்கள். கயிறு உட்காரும் பள்ளம் எங்கே, எவ்வளவு ஆழம் என்று குறிக்க மறக்காதீர்கள். கைபேசியில் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேல் கிடக்கட்டும்.

கட்டையின் ஒரு முனையில் சின்னச் சில்லு எடுத்து வையுங்கள். தணக்கா, மலைவேம்பா, அல்பீசியாவா என்று மரம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்வார்கள்.

அப்பாவை ஒரு நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அணியத்தை ஏன் இவ்வளவு தூக்கினார், அந்தப் பக்கக் கட்டை ஏன் ஒரு சாண் குட்டை, கட்டு எத்தனை சுற்று, எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் பாரம் வைத்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவர் சொல்கிற சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கட்டு போடும்போது அவர் கையை வீடியோ எடுங்கள். அளவுகளை எனக்கு அனுப்பினால் வரைந்து, முழு அளவு அச்சும் எடுத்து நானே கொண்டுவருகிறேன். அதை அவர் முன்னால் மணலில் விரித்து, ரீப்பரை அவர் கையில் கொடுப்போம். எங்கே தப்பு என்று அவர் காட்டிய பிறகு விறகைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம்.